நுவரெலியாவில் நான் பாரம்

கொட்டாஞ்சேனையில் இரவு 11 மணிக்கும் வியர்க்கும். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற அந்தக் கராஜில் மின்விசிறி சுற்றியது என்னவோ உண்மைதான். ஆனால் அது சூட்டைத்தான் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊளையிட்டது. காருக்கடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அவைதான் மெக்கானிக் பாஸ்.

“மாமா, சும்மா வாங்கோ, நுவரெலியாவைப் பாத்திட்டு வரலாம்” என்று மருமகன் சொன்னதை நம்பி வெள்ளவத்தையிலிருந்து வந்தவன் நான். முப்பது வருடம் கணக்குப் புத்தகத்தோடு இருந்தவனுக்கு, காருக்கு ஒரு வயிறு உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. 1970இல் ஜப்பானில் வெளிவந்த டட்சன் 1200 வகைக் கார் அது. எஞ்சின் முன்னுக்கு, ஓடுகிற சில்லு பின்னுக்கு. இரண்டையும் சேர்க்கிற நீளக் குழாய்தான் புரோப்பெல்லர் ஷாப்ட்.

அதன் இரு முனையிலும் சிலுவை வடிவில் யூனிவர்சல் ஜொயின்ட். பஞ்சிகாவத்தையில் வாங்கிவந்த புதுச் சிலுவையின் மூடிகளைப் பாஸ் என் கையில் தந்தார். உள்ளே, நெருப்புக்குச்சியில் பாதிகூட இல்லாத உருக்கு ஊசிகள், மாதுளைக்குள் முத்து அடுக்கியதுபோல, கிரீஸில் ஒட்டிக்கொண்டு வட்டமாக நின்றன. பாஸ் மூடியை வைத்துத் தட்டினார். கடைசி ஒரு நூலளவு இறங்க மறுத்தது.

“ஒரு ஊசி படுத்துட்டுது ஐயா. படுத்தா மூடி முழுசா எறங்காது, கிளிப்பும் காடியில விழாது.”

திரும்பக் கழற்றினார். அடித்து இறக்குகிற ஆட்களும் உண்டாம். அப்படிப்பட்ட ஷாப்ட் பாதி வழியில் கழன்று விழுமாம். ஊசியை நிமிர்த்த என் மூக்குக் கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டார். பிறகு ஷாப்டின் முன்முனையைக் கியர்பொக்ஸ் வாலுக்குள் முழுக்கத் தள்ளி, ஒரு அங்குலம் போல வெளியே இழுத்துவிட்டு, பின்முனையைப் பூட்டினார். பின் அச்சு மேலும் கீழும் ஆடும்போது ஷாப்ட் மூச்சுவிட அந்த இடம் வேண்டுமாம்.

காரை லொறியில் ஏற்றிப் புறப்பட்டோம். அவிசாவளையில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். கித்துல்கலையில், ‘குவாய்’ பாலத்துப் படத்தை எடுத்த ஆற்றோரத்தில், பாதி மூடினேன். ஹட்டன் தாண்டியதும் முழுக்க மூடிவிட்டு, லொறிக்காரரின் பழைய சாக்குக்குள் கையை விட்டேன். தலவாக்கலைக்கு மேலே விடிந்தபோது பச்சை, பச்சைக்கு மேல் பச்சை, அதற்குமேல் மேகம்! தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கடந்தபோது வந்த வாசனை, எங்கள் வீட்டுத் தேயிலைப் பேணியைத் திறக்கும் வாசனையின் பெரியப்பா.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். இலக்கமாகப் படித்தபோது ஒன்றும் தெரியவில்லை. லொறியிலிருந்து குதித்தபோது காதால் தெரிந்தது. ஏப்ரல் மாதம் வெள்ளவத்தையில் தாரே உருகும். இங்கே வாயைத் திறந்தால் புகை வருகிறது. மருமகன் தந்த குரங்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். லீக்ஸ் மூட்டையோடு போன ஒரு தோட்டத்துப் பெண், “ஐயா கொழும்புங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. என் பற்கள்தான் தந்தியடித்துக்கொண்டிருந்தனவே.

மருமகன் கார் ஓட்ட வந்த மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல், துரைமார் காலத்தில் தொடங்கியது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறுகிற பாதை. ஒரு நேரத்தில் ஒரு கார்தான்; போட்டி கடிகாரத்தோடு. பயிற்சி ஓட்டத்துக்குப் போன மருமகன் முகம் சுருங்கி வந்தான். “பாஸ், கிளம்பேக்க பின்னுக்கு உதறுது.”

பாஸ் அலட்டிக்கொள்ளவில்லை. காந்த அடியுள்ள கோணமானி ஒன்றை எடுத்தார். “இந்த வருசம் ஸ்பிரிங் மாத்தினோம். டிஃபரென்ஷல் மூக்கு தூக்கிட்டுது போல. ஓட்டுறவர் எடையோட அளக்கணும்.” மருமகனை ஓட்டுநர் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பாஸின் பார்வை என் வயிற்றில் வந்து நின்றது.

“தம்பி 70 கிலோ. ஐயா?”

“82.”

“பரவாயில்ல. மூச்ச இழுத்துப் புடிங்க.”

இப்படியாக, வாழ்க்கையில் முதல் தடவை ஒரு பந்தயக் காரின் சாரதி ஆசனத்தில் இறங்கினேன். இறங்கினேன் என்பதுகூடச் சரியில்லை, திணிக்கப்பட்டேன். தகரம் பனிக்கட்டியாகக் கிடந்தது. அடியிலிருந்து குரல் வந்தது: “ஐயா, நடுங்காதீங்க. முள்ளு ஆடுது!” யாரோ ஓடிப்போய்ப் பிளேன்டீ வாங்கிவந்து ஊற்றிய பிறகுதான் முள் நின்றது.

இந்த ஊரில் சமதரையே இல்லையே, எப்படி அளப்பீர்கள் என்று கேட்டேன். கியர்பொக்ஸையும் டிஃபரென்ஷலையும் ஒரே சரிவில் அளந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாதாம். கணக்கனான எனக்கு இது தோன்றாமல் போனதே!

பிறகு பாஸ் சொன்னதுதான் என்னை வாய்பிளக்க வைத்தது. கோணலாக நிற்கிற ஜொயின்ட் ஒரே சீராகச் சுற்றாது. எஞ்சின் சீராகத்தான் சுற்றும். ஷாப்ட் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தி, இரண்டு தடவை பிந்தும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 200 உதறல்! சரி, கோணலை எடுத்துவிடலாமே என்றால், கூடாதாம். முன் ஜொயின்டில் எத்தனை பாகை கோணலோ அதே அளவு பின் ஜொயின்டிலும் வைக்க வேண்டும். முன்னது முந்துகிற நேரம் பின்னது பிந்தும். கணக்கு நேராகிவிடும்.

ஜொயின்டின் சிலுவையைப் பிடித்திருக்கிற கவட்டைப் பகுதிக்கு யோக் என்று பெயர். யோக் என்றால் நுகம்தானே! சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் அப்பாவோடு மாட்டுவண்டிச் சவாரி பார்க்கப் போன நினைவு வந்தது. ஒரு மாடு எகிறினால் மற்றது இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி குடைசாயும். அதைச் சொன்னேன். “அதே கதைதான் ஐயா” என்றார் பாஸ், அடியிலிருந்தே.

டிஃபரென்ஷல் மூக்கு 2 பாகை தூக்கித்தான் நின்றது. புறப்படும் உந்தலில் அது இன்னும் எழும்பும் என்பதால், நிற்கும்போது 2 பாகை தாழ இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் 4 பாகைச் சரிவுள்ள இரும்பு ஆப்புகளைச் செருகி இறுக்கினார். கொட்டாஞ்சேனையில் நெய்யாக ஒழுகிய கிரீஸ் இங்கே வெண்ணெயாக உறைந்து, அவர் விரலில் வரமாட்டேன் என்றது. ஷாப்டின் முன்பாதியைச் சுற்றிய இரும்பு வளையத்தையும் தட்டிப் பார்த்தார். முன் ஜொயின்ட் உடைந்தால் ஷாப்ட் தரையில் குத்தி, காரையே கம்பூன்றிப் பாய வைத்துவிடுமாம். என்னைத் திரும்ப உட்காரவைத்து இன்னொரு தடவை அளந்தார். இந்த முறை நான் நடுங்கவில்லை. பழகிவிட்டது, அல்லது உறைந்துவிட்டேன்.

மருமகன் கிளம்பினான். உதறல் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. முதலாவது வளைவுக்குப் பின்னால் மூடுபனி காரை விழுங்கிற்று. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் மலையேறியது. எத்தனையாவது இடம் என்று எல்லோரும் பலகையைப் பார்க்கப் போனார்கள். பாஸ் போகவில்லை. திரும்பிவந்த காருக்கடியில் கையை விட்டு ஜொயின்ட் மூடியைத் தொட்டார். இறுக்கம் இருந்தால் கொதிக்குமாம். “தொட்டுப் பாருங்க ஐயா.”

ஈரப்புல்லில் முழங்காலூன்றித் தொட்டேன். ஆறப்போகிற பிளேன்டீ அளவு வெதுவெதுப்பு. காலையிலிருந்து விரல்களுக்குக் கிடைத்த முதல் சுகம் அது. மற்றக் கையையும் வைத்தேன்.

“கைய எடுங்க ஐயா” என்றார் பாஸ். “இன்னொரு ஓட்டம் இருக்கு.”