பெரியம்மா வளவுக் கோழி

2015 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையிலே, கொழும்பிலிருந்து புகையிரதமேறிக் கொடிகாமத்தில் இறங்கி, பஸ்ஸில் வடமராட்சியை அடைந்தோம். பெரியம்மாவின் வளவிலே, பனை வடலிகளுக்கிடையே கோழிகள் கறையானைக் கிளறிக்கொண்டிருந்தன. "பிள்ளையள் வந்திருக்கினம்" என்று, ஆறு மாதம் வளர்ந்த சேவலொன்றை அன்றே கறியாக்கினார்.

விறகடுப்பில் அது வேக ஒன்றரை மணி நேரம் சென்றது. கொழும்பிலே நாம் வாங்கும் புரொயிலர் கோழியோ ஏறத்தாழ 40 நாளில் இரண்டு கிலோ நிறையை எட்டிவிடும். அரைமணியில் வெந்தும் விடும். ஓடித் திரியாத இளந்தசை அது. புழுவும் தானியமும் கொத்தித் திரிந்து மெல்ல வளர்ந்த சேவலின் தசை இறுகியிருக்கும். சுவையும் அதனுள்ளேயே ஊறியிருக்கும். கடைக்கோழியின் சுவை குழம்போடு நின்றுவிடும் என்பது என் கட்சி. (நாம் மெச்சுவது கோழியையா, கறித்தூளையா என்று ஐயுற்றதும் உண்டு.)

என் இளைய மகன் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்தான்.

"அப்பம்மா, இது கல்லு மாதிரி இருக்கு. கடைக்கோழி இல்லையோ?"

எனக்கு நாணமாயிருந்தது. பெரியம்மா சிரித்தபடி அத்துண்டை விரல்களால் நார்நாராகக் கிழித்து, குழம்பில் தோய்த்துக் கொடுத்தார். அவனும் உண்டான்.

மறுநாட் காலை, அயல்வீட்டுப் பையனின் கையிற் காசைக் கொடுத்து, அவர் நெல்லியடிக் கடைக்கு அனுப்புவதைக் கண்டேன்.