கரிவலத்தில் ஒரு கிளாஸ் வெந்நீர்

முதலில் ஆமை வந்தது. ராஜபாளையம் தாண்டி, சங்கரன்கோவிலுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு ஆமைப் படம். இனி மெதுவாகத்தான் போவேன் என்று மின்சாரக் கார் சொல்லும் பாஷை அது. சார்ஜ் 61 சதவீதம் இருந்தது. மிதித்தால் மாட்டுவண்டி வேகம். அடுத்த நிமிடம் திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகச் சீரியல் செட். ஒரு டீக்கடை ஓரமாக ஒதுக்கினேன். செல்போன் போல அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அணைத்தேன். அதோடு சரி, மறுபடி ஒரு விளக்கும் எரியவில்லை.

ஊர்ப் பலகையில் கரிவலம்வந்தநல்லூர். யானை வலம் வந்ததால் வந்த பெயர் என்பார்கள். என் யானை படுத்துவிட்டது. நாலு பேர் வந்து தள்ளினார்கள், அசையவில்லை. பெட்ரோல் வண்டியை நியூட்ரலில் போட்டுத் தள்ளலாம். இதில் நியூட்ரல் போடவே கரண்டு வேண்டும்.

உதவி எண்ணில் ஒரு பெண் இனிமையாகப் பேசினார். ஆள் வர மூன்று மணி நேரமாகும், அதுவரை எதையும் தொடாதீங்க சார் என்றார். ஆனி மாதக் காற்று மண்ணை வாரி அடித்தது. சங்கரன்கோவில், கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலைகள். தூரத்தில் இரண்டு மூன்று ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஊருக்கே கரண்டு அனுப்புகிற சீமையில் கரண்டில்லாமல் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

“கரண்டு வண்டி தீப்பிடிச்சிக்கிடுமாமே?” என்றார் டீ மாஸ்டர். சும்மா இருந்தவர் ஒருவர், “பிடிச்சாலும் குத்தமில்ல, இது அக்கினித் தலம்லா?” என்றார். இந்த வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். இந்த ஊர் பால்வண்ணநாதர் கோயில் நெருப்பு. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் டிராக்டரை நிறுத்திவிட்டு அந்தப் பெரியவர் வந்தார். லுங்கி, தோளில் துண்டு, அறுபது வயதிருக்கும். “பானட்டத் தெறங்க” என்றார்.

நான் மறுத்தேன். கொஞ்சம் கடுமையாகவே மறுத்தேன். “இது டிராக்டர் இல்லீங்க. முந்நூறு வோல்ட்டுக்கு மேல ஓடுது.”

“ஹாரன் அடிங்க.”

அடித்தேன். சத்தமில்லை.

“ஹாரனுக்கு எதுக்கு அண்ணாச்சி முந்நூறு வோல்ட்டு?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். முன்பெட்டியில் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருப்பதே எனக்கு மறந்திருந்தது. பெரிய பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் என்றொரு கதவு உண்டு. அதைப் பிடித்திருப்பது இந்தச் சின்ன பேட்டரிதான். இது படுத்தால் கதவு மூடிக்கொள்ளும். பெரியவருக்கு இது புதிதே இல்லை. “கெணத்து மோட்டார் ஸ்டார்ட்டர்ல டக்குன்னு விழுமே, அதான?” என்றார்.

2024இல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடக்கூடும் என்பதுதான் காரணம். என் வண்டி அது இல்லை, என் கோளாறும் அது இல்லை. ஆனால் செய்தியைப் படித்தபோதே ஒருமுறை பானட்டைத் திறந்து பார்த்திருக்கலாம்.

இப்போது திறந்தேன். நெகட்டிவ் முனையில் காலிஃபிளவர் போல வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. பெரியவர் கிளாம்பை இரண்டு விரலால் அசைத்தார், ஆடியது. “ஆரஞ்சு வயரத் தொட்டுராதீங்க” என்று கத்தினேன். “அது அந்தால கெடக்கட்டும்” என்றார்.

டிராக்டர் பெட்டியிலிருந்து பத்து-பதினொண்ணு ஸ்பேனர் வந்தது. கிளாம்பைக் கழற்றி, கடை கிளாஸில் வெந்நீர் வாங்கி, அதற்குள் முக்கினார். பொங்கி நுரைத்து, உப்பு கரைந்து, ஈயம் தெரிந்தது. துண்டால் ஒற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினார். பிறகு டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார்.

இதற்குள் டீ மாஸ்டருக்கும் அவருக்கும் சண்டை. “ஆசிட்டு முக்குன கிளாஸ்ல இனிமே யாருக்கு நான் டீ குடுக்க?” நியாயமான கேள்வி. என் வண்டி நின்றதைவிட அந்தக் கிளாஸ் போனதுதான் அங்கே பெரிய விவகாரமாகிவிட்டது.

பட்டனை அழுத்தினேன். எங்கோ அடியில் ‘டக்’. திரை எரிந்தது. ஆமையைக் காணோம்.

முனை விட்டுவிட்டுத் தொட்டதில் வண்டியின் கணினிகள் குழம்பிப்போயிருக்கும் என்று பிறகு சர்வீஸில் சொன்னார்கள். பெரியவர் காசு வாங்கவில்லை, ஒரு டீ மட்டும் குடித்தார். தொடாதீங்க என்றவர்களின் ஆள் போன் செய்தபோது நான் திருநெல்வேலியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கிளாஸுக்கு முப்பது ரூபாய் கொடுத்தேன். இப்போது அது முன்பெட்டியில், புதிதாக வாங்கிய பத்து-பதினொண்ணு ஸ்பேனருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.