காப்பாரில் துப்பாக்கிக் கடை போட முடியுமா?

அன்புள்ள சங்கரலிங்கத்துக்கு,

உன் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் ‘முடியாது’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஏன் முடியாது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. அதனால் கடிதம்.

டெக்சாஸில் உன் அக்கா மகன் வீட்டிலிருந்தே துப்பாக்கி விற்க லைசென்ஸ் வாங்கிவிட்டான் என்று கேட்டதிலிருந்து உனக்கு இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. நியாயம்தான். தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போட, தீயணைப்பு நிலையம், தாசில்தார், கலெக்டர் ஆபீஸ் என்று வருஷா வருஷம் செருப்புத் தேய நடக்கிறவன் நீ. ‘மத்தாப்பு விற்கவே நமக்கு இந்தப் பாடு, அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரைபிள் விற்கிறான். நீ இருக்கிற ஊரில் எப்படிடா?’ என்று கேட்டிருந்தாய்.

நான் இருக்கிற ஊர் மலேசியாவில் காப்பார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளான். அங்கிருந்து கோலசிலாங்கூர் போகிற சாலையில் வடக்கே வந்தால் காப்பார். ஒரு காலத்தில் முழுக்க ரப்பர். இப்போது செம்பனை, நடுநடுவே தொழிற்சாலைகள், கடலோரத்தில் நிலக்கரி மின்நிலையம். தோட்டங்கள் துண்டு துண்டாகிப் போனாலும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் நிற்கின்றன. அண்ணன் வீட்டில்தான் தங்கல்.

துப்பாக்கியை முதலில் பார்த்தது கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில். நம்மூர்க் கடைவீதியேதான்: பூச்சரம், முறுக்கு, சேலை, எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு பாட்டு. நகைக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளி, மடியில் நீளத் துப்பாக்கி. தாலிக்கொடி வாங்க வந்த குடும்பம் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது. ஒரு குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. இந்த ஊரில் பொதுஜனம் துப்பாக்கியைப் பார்ப்பதெல்லாம் இப்படி, சீருடை போட்ட ஆளிடம்தான்.

விதிவிலக்கு, விவசாயி. அண்ணனுக்குத் தெரிந்த ஐயா ஒருவர், எழுபது தாண்டியவர், ஊருக்கு வெளியே கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறார். காட்டுப்பன்றி இளங்கன்றின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். குரங்கு, அவர் கணக்கில், பன்றியைவிட மோசம். அதற்காக வைத்திருப்பதுதான் ‘செனாப்பாங் பாத்தா’. நடுவில் மடக்கி ஒரு தோட்டாவைப் போட்டு மூடுகிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். கட்டை தேய்ந்து, கன்னம் படுகிற இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. நான் கையை நீட்டியதும் சட்டென்று கதவைச் சாத்திவிட்டார்.

“தொடக்கூடாது தம்பி. லைசென்ஸ்ல என் பேருதான் இருக்கு. உங்க கையில இருந்தா உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெற்ற மகனுக்கே அதைத் தொட அனுமதி இல்லையாம். அவர் காலத்துக்குப் பிறகு நிலம் மகனுக்குப் போகும், துப்பாக்கி போலீஸ் நிலையத்துக்குப் போகும். வேண்டுமென்றால் மகன் புதிதாக மனுப் போட வேண்டும். இவர் மனுப் போட்டபோது முதலில் கேட்டது நிலப்பத்திரம். நிலம் எங்கே, என்ன பயிர், என்ன விலங்கு வருகிறது, துப்பாக்கி இல்லாமல் சமாளிக்க முடியாதா? அப்புறம் இவர் மேல் வழக்கு உண்டா, ஆள் எப்படி என்று விசாரணை. கடைசி முடிவு மாநிலப் போலீஸ் தலைவரிடம். உரிமம் கிடைத்தாலும் தோட்டா இத்தனைதான் என்று கணக்கு உண்டு.

இது ஒரே ஒரு துப்பாக்கியை வைத்துக்கொள்ள. விற்பதற்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் தனி உரிமம் வேண்டும். எங்கே விற்கிறாய், எங்கே பூட்டி வைக்கிறாய், யாரிடமிருந்து வாங்கி யாருக்குக் கொடுத்தாய் என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு. போலீஸ் வந்து கேட்டால் விரித்துக் காட்ட வேண்டும். அந்த உரிமம் வைத்திருப்பவர்கள் நாட்டில் கொஞ்சம் பேர்தான். மேலே வீடு, கீழே துப்பாக்கிக் கடை என்று யாராவது காப்பாரில் மனுப் போட்டால், ஐயா சொன்னபடி, “மனுவப் படிக்க மாட்டாங்க, மனுப் போட்டவனத்தான் படிப்பாங்க.”

பலூன் சுடுகிற ஏர்கன் தெரியுமல்லவா, சித்திரைப் பொருட்காட்சியில் பத்து ரூபாய்க்குச் சுடுவோமே? இங்கே அதுவும் ஆயுதம்தான், அதற்கும் உரிமம். அசல் மாதிரியே இருக்கிற பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்தாலும் வம்பு.

உரிமம் இல்லாமல் அசல் துப்பாக்கி வைத்திருந்தால்? 1971-இல் வந்த கடுந்தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, கூடவே குறைந்தது 6 பிரம்படி. இரண்டுக்கு மேல் இருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு மரண தண்டனை வரை போகலாம். 2023-இல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள், ஆனால் மரண தண்டனை ஏட்டில் இன்னும் இருக்கிறது. உன் மருமகன் வீட்டு அலமாரியில் எத்தனை இருக்கும்?

ஆயுதச் சட்டம் பிறந்த ஆண்டைக் கவனித்தாயா, 1960? 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலையில். அவசரகால விதிகளில், அனுமதியில்லாத துப்பாக்கிக்குத் தூக்கு. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. இந்தியா கேட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை. 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கும் முன்னால், 1941 மே மாதத்தில், இதே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் கொஞ்சம் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது பட்டாளம் வந்து சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். தலைவர் ஆர்.எச். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

ஐயாவின் அப்பா அந்தக் காலத்தில் பால் வெட்டியவர். துப்பாக்கி என்ற சொல்லையே வீட்டில் எடுக்க மாட்டாராம். மகன் 1980களில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றதும் இரண்டு நாள் பேசவில்லையாம். அந்தக் கிழவர் பக்கம்தான் என் மனசு சாய்கிறது.

அமெரிக்கக் கதை நீ நினைக்கிற அளவுக்கு அவிழ்த்துவிட்ட மாடும் இல்லை. அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் உரிமம் வேண்டும். மூன்று ஆண்டுக்கு 200 டாலர், புதுப்பிக்க 90. கைரேகை, புகைப்படம், மனுவின் நகல் உள்ளூர்ப் போலீசுக்கு. உரிமம் கொடுக்கிற மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் ஆள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10 டாலர் கட்டினால் போதும் என்றிருந்தது; மொத்த விலைக்குத் தனக்கே வாங்கிக்கொள்ள ஆளாளுக்கு உரிமம் எடுத்து, 1990களின் தொடக்கத்தில் உரிமங்களின் எண்ணிக்கை 2,80,000-ஐத் தாண்டிவிட்டது. பிறகு கட்டணத்தைக் கூட்டி, உள்ளூர் விதிகளையும் சேர்த்து இறுக்கியதும் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துச் சொச்சமாக இறங்கியது. இப்போது அங்கே அதிகாரி கேட்கிற பெரிய கேள்வி, ‘நிஜமாகவே வியாபாரம் செய்யப் போகிறாயா?’ என்பது. காப்பாரில் கேட்பது, ‘உனக்கு எதற்கு?’

மருமகனிடம் இரண்டு விஷயம் விசாரி. வீடு சொந்தமா வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதம் வாங்கினானா? அந்தத் தெருவில் வீட்டுத் தொழிலுக்கு உள்ளூர் விதி இடம் கொடுக்கிறதா? அப்புறம் பதிவேடு. வருகிற ஒவ்வொரு துப்பாக்கியையும், போகிற ஒவ்வொன்றையும் எண்ணோடு, வாங்கியவன் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். சோதனைக்கு வரும்போது ஒன்று குறைந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். சின்ன வயசில் உன் கடைக் கணக்கை அவன் எழுதிய லட்சணம் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் ஈப்போ போகிறேன். மதினி உனக்கென்று ஒரு டப்பா இஞ்சி மிட்டாய் கட்டிக் கொடுத்திருக்கிறாள். பாதி காலியாகத்தான் வந்து சேரும்.

அன்புடன்,
முருகேசன்
காப்பார்