குழிக்குள்ளே ஒரு ஃப்ரிட்ஜ்!

நம்மூர்ல வத்தல், வடாம் சீஸன் எப்போ? சித்திரை வெயில்ல. பாட்டி பிழிய, வீட்டுக் கடைக்குட்டி குடையைப் பிடிச்சுக்கிட்டு காக்கா விரட்ட... செம காமெடியா இருக்கும். லடாக்கிலும் மொட்டை மாடி உண்டு, வத்தலும் உண்டு பாஸ். ஆனா, அங்கே அந்த வேலை சூடு பிடிப்பது ஆகஸ்ட், செப்டம்பரில்! நவம்பர் வந்துவிட்டால் தோட்டத்தில் பச்சை இலை என்று ஒன்று மிஞ்சாது. அப்புறம் ஏப்ரல் வரை சாப்பிட வேண்டியதை இப்போதே சேர்த்தாக வேண்டும்.

போன செப்டம்பர் கடைசியில் லே போயிருந்தேன். சுமார் 3,500 மீட்டர் உயரம். ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிடந்துவிட்டு, சிந்து நதியை ஒட்டியே மேற்கே 60 கிலோமீட்டர் போனால் சஸ்போல். சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் திடீரென்று ஒரு பச்சைத் துண்டு. அதுதான் ஊர். வருஷத்துக்குப் பெய்யும் மழையே 10 சென்டிமீட்டர்தான். பனி உருகி வரும் தண்ணியை வாய்க்கால் வெட்டி, முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு போகம்.

தங்கியிருந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் 'அபி லே' என்கிறார்கள். அபி என்றால் பாட்டி, 'லே' மரியாதைக்கு. அவர் மாடி முழுக்கக் கடை பரப்பியிருந்தார். வட்ட வட்டமாக வெட்டிய டர்னிப், பாதியாகப் பிளந்த தக்காளி எல்லாம் வெயிலில். கீரை மட்டும் தாழ்வாரத்து நிழலில். "வெயில்ல போட்டா வெளுத்துடும், ருசியும் போயிடும்" என்றார். காற்றில் ஈரமே கிடையாது என்பதால் நிழலிலேயே நாலைந்து நாளில் சருகாகிவிடுகிறது. நம்ம சென்னையில இப்படி நிழல்ல காயப் போட்டா பூஞ்சைதான் அறுவடை!

அபி லே பேசுவது லடாக்கி. மொழிபெயர்த்தது அவர் பேரன். சண்டிகரில் மூணாவது வருஷம் மெக்கானிக்கல், நம்ம இனம். லீவுக்கு வந்தவனை வீட்டுக்குப் பின்னால் குழி சரிசெய்ய விட்டிருந்தார்கள். ஆள் உயரக் குழி. மேலே மரக்கட்டை, அதன் மேல் மண். இறங்க ஒரு சின்ன வாய், அதை வைக்கோலும் சாக்கும் வைத்து அடைத்துவிடுவார்கள். உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி எல்லாம் அக்டோபரில் உள்ளே போகும்.

"ஃப்ரிட்ஜ் மாதிரியா?" என்றேன்.

"உல்ட்டா! உங்க ஊர் ஃப்ரிட்ஜ் சூட்டுலேர்ந்து காப்பாத்துது. இது குளிர்லேர்ந்து காப்பாத்துது" என்றான்.

வெளியே ராத்திரி மைனஸ் 20 வரை போகும். உறைந்த உருளைக்கிழங்கு இளகும்போது கொழகொழத்து அழுகிவிடும். சூடு அதிகமானாலோ முளை விட்டுவிடும். மண்ணுக்குள் இறங்க இறங்க வெளிக்குளிர் அவ்வளவு சீக்கிரம் எட்டாது. பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் பதினாறு மார்க் கேள்வியாகப் பார்த்ததை இந்த ஊரில் மம்மட்டியால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆப்ரிகாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் லடாக் கோபித்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் பறித்துக் காய வைத்த பழம், சாக்கு சாக்காக அறைக்குள் இருந்தது. கொட்டையை உடைத்தால் பாதாம் மாதிரி பருப்பு. சில ரகத்தில் இனிப்பு, சில ரகத்தில் கசப்பு. இனிப்பைத் தின்பார்கள், கசப்பை எண்ணெய்க்கு ஆட்டுவார்கள். கொட்டையே வெள்ளையாக இருக்கும் 'ரக்ட்சே கார்போ' ரகத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பிரச்னை என்னன்னா, சேர்த்து வைக்க வேண்டிய அவசியமே குறைந்துகொண்டு வருகிறது. ஸ்ரீநகர் பாதையில் இருக்கும் சோஜி லா கணவாய், ஒரு காலத்தில் ஆறு மாதம் வரைக்கும் பனியில் மூடிக் கிடக்கும். இப்போது சில வருஷங்களாக ஒன்றிரண்டு மாதத்தில் திறந்துவிடுகிறார்கள். சுரங்கப்பாதை வேலையும் நடக்கிறது. லேவுக்குக் குளிர்காலத்திலும் விமானம் உண்டு. ஜனவரியில் தக்காளி வேண்டுமா? காசு இருந்தால் கடையில் கிடைக்கும்.

"அப்புறம் எதுக்கு இவ்ளோ கஷ்டம்?" என்று பேரன் வழியாகக் கேட்டேன். அபி லே கத்தியை நிறுத்தவில்லை. "லாரி அவனுக்கு முடிஞ்சப்போ வரும். எனக்குத் தினமும் பசிக்கும்" என்றார். பேரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் குழியில் இப்போது பாதிதான் நிரப்புகிறார்களாம். ஒன்பது பேர் சாப்பிட்ட வீட்டில் குளிர்காலத்துக்கு மிஞ்சுவது மூன்று பேர். பிள்ளைகள் ஜம்மு, சண்டிகர், டெல்லி என்று படிக்கப் போய்விட்டார்கள். யாருக்காகக் காய வைப்பது?

பையனுக்கு வேறு கணக்கு. தெற்குப் பக்கம் பாலிதீன், மற்ற மூன்று பக்கமும் தடித்த மண்சுவர் வைத்த பசுமைக்குடில் ஒன்று கட்டணுமாம். பகலில் சுவர் வெயிலைக் குடித்து வைத்து, ராத்திரி திருப்பிக் கொடுக்கும். பனிக்காலத்திலும் கீரை வரும். அந்தப் பக்கம் பல ஊர்களில் இது ஏற்கெனவே இருக்கிறது. நோட்டில் படமே போட்டு வைத்திருந்தான். சுவர் எத்தனை அடி தடிமன் என்பதில் நாங்கள் அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

"சரி, குழியை எப்போ மூடுவீங்க?"

"அக்டோபர் கடைசியில."

"உனக்கு ஃப்ளைட்?"

"மூணாந்தேதி. பக்கத்து வீட்ல சொல்லியிருக்கோம்" என்றவன் மறுபடியும் குழிக்குள் இறங்கினான். மேலே இருந்து அபி லே ஏதோ சத்தம் போட்டார். என்ன என்றேன்.

"இன்னும் ஒரு அடி தோண்டணுமாம்!"