மீஞ்சூருக்குக் கீரை வாங்கப் போனேன்!

ஒரு கட்டுக் கீரைக்காக ரயில் ஏறிப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். என் மகளும் அப்படித்தான் சிரித்தாள். "ஏம்மா, போன்ல அழுத்தினா பத்து நிமிஷத்துல வாசல்ல வந்து நிக்குது. கீரைக்குப் போய் யாராவது மீஞ்சூர் வரைக்கும் போவாங்களா?" என்றாள். பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆன பெண்ணிடம் வாக்குவாதம் எதற்கு என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாங்கள் திருவொற்றியூரில் குடியிருக்கிறோம். பல வருஷங்களாக எங்கள் தெருவுக்கு மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா கீரைக் கூடையோடு வருவார். விடியற்காலையில் அறுத்த கீரை, ஏழு மணிக்கு எங்கள் வாசலில் இருக்கும். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று வாரத்தில் நாலு நாள், நாலு தினுசு. பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். குளுகுளு அறை, தள்ளுவண்டி, சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் கீரை! நானும் மயங்கித்தான் போனேன். "இன்னிக்கு வேணாம் ஆயா" என்று முதலில் ஒரு நாள் சொன்னேன். அப்புறம் இரண்டு நாள். பிறகு கதவையே திறப்பதில்லை. ஒரு நாள் ஆயா வருவதே நின்றுவிட்டது. அது எந்த நாள் என்று கூட எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன தை மாதம் மகளுக்குப் பிரசவம் ஆயிற்று. தாய்ப்பால் நன்றாகச் சுரக்க முருங்கைக்கீரையும் சுறாப் புட்டும் கொடுப்பது எங்கள் வடசென்னை வழக்கம். சுறா காசிமேட்டிலிருந்து வந்துவிட்டது. கீரைக்கு சூப்பர் மார்க்கெட் போனேன். பை மேலே பச்சை, பிரித்தால் உள்ளே பாதி பழுப்பு, அடியில் வழவழப்பு. மூன்று தடவை இப்படி ஆனதும் ஆயா ஞாபகம் வந்தது. ஊர் பெயர் தெரியும், வீடு தெரியாது. கடைத்தெருவில் கேட்டால் யாராவது சொல்லமாட்டார்களா என்று கிளம்பினேன்.

ரயில் பாதை காட்டும் காட்சி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் திருவொற்றியூரில் ஏறினால் மீஞ்சூருக்கு அரை மணி நேரப் பயணம். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், பிறகு மீஞ்சூர். ஒரு பக்கம் ஆலைகள், மறுபக்கம் வானத்தைத் தொடும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். நடுவில் எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் காற்று, கொஞ்சம் வெள்ளைக் கொக்கு.

இந்தக் கழிமுகத்தில்தான் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கலந்து பரவியது. படகும் வலையும் கரையும் கறுத்துப்போய் மீனவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்போது எங்கள் தெருவில் பலரும் கொஞ்ச நாள் மீன் வாங்கவே பயந்தோம். பக்கத்துத் தண்ணீர் கெட்டால் நம் குழம்புச் சட்டியும் கெடும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ரயிலில் எதிர்த் திசையில் போகும் பெண்களைப் பார்க்கவேண்டும்! மடியில் வெற்றிலைப் பை, காலடியில் ஈரச் சாக்கு மூடிய கூடை. கீரை, மீன், பூ எல்லாம் காலை வண்டியில் பட்டணத்துக்குப் போகிறது. அந்தக் கூடைகளில் ஒன்றுதான் முன்பு எங்கள் வாசலுக்கு வந்தது.

மாசி மாதக் கடைத்தெரு

மீஞ்சூரை 'வட காஞ்சி' என்று சொல்வார்கள். காஞ்சிபுரத்தைப் போலவே ஏகாம்பரநாதருக்கும் வரதராஜப் பெருமாளுக்கும் இங்கே கோயில் உண்டு. இரண்டு சந்நிதியிலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தேன்.

அந்தத் தெருவைப் பார்த்தால் நாள்காட்டி வேண்டாம், மாதம் தானே தெரிந்துவிடும். மாசி அல்லவா? தர்பூசணி வந்து இறங்க ஆரம்பித்திருந்தது. வெள்ளரிப்பிஞ்சும் மாவடுவும் சாக்கில் கொட்டிக் கிடந்தன. பொங்கலுக்கு வந்த சர்க்கரைவள்ளியும் பச்சை மொச்சையும் கடைசிக் கடைசியாக. பனங்கிழங்கு நாலைந்து கட்டு. "இதோட அடுத்த வருசம்தாம்மா" என்றார் விற்ற அம்மா. சித்திரை வந்தால் நுங்கு, மாம்பழம். ஆடி வந்தால் நாவல்பழம், அம்மன் கூழுக்கு முருங்கைக்கீரை. அதற்குப் பின்னால் சீதாப்பழம்.

மீனுக்கும் பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக அரசாங்கம் விடுகிற ஓய்வு அது. நாட்டுப் படகுகளுக்கு அந்தத் தடை கிடையாது. அந்த நாட்களில் இந்தப் பக்கத்தில் பழவேற்காட்டு ஏரியின் இறால், நண்டு, மடவை கைகொடுக்கும். இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

சூப்பர் மார்க்கெட்டில் இந்த மாதக் கணக்கே கிடையாது. ஆப்பிள் வருஷம் முழுவதும் அதே பளபளப்பில் அடுக்கியிருக்கும். பிராணவாயுவைக் குறைத்த குளிர் அறைகளில் அதை மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதில் குற்றமில்லை, அது ஒரு வித்தை. ஆனால் காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஆப்பிள்தான் சத்து என்று நாம் நினைப்பதுதான் தப்பு. நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆப்பிளில் ஐந்து மில்லிகிராம் கூடத் தேறாது. கொய்யாவோ தெருமுனையில் கூடையில் இருக்கிறது!

ஆயாவின் பாத்தி

கீரை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் அடையாளம் சொன்னேன். "எங்க மாமியார்தான்" என்றாள்! ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம், பிறகு வரப்பில் நடை. ஆயா பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா கண்ணு, இம்மாந்தூரம் வந்துக்கீற? பொண்ணுக்கு இன்னா கொழந்த?"

நான் வாங்குவதை நிறுத்தியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான், "ஏன் ஆயா வரதில்ல?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"கூடைக்கு நாப்பது கட்டு கட்டுவேன் கண்ணு. முப்பது போச்சுன்னா கூலி நிக்கும். உங்க தெருவுல நாலு வீடு நின்னுபோச்சு, அடுத்த தெருவுல மூணு. மீந்த கீரைய இன்னா பண்றது? மாட்டுக்குத்தான் போட்டேன். அப்புறம் ரயிலேறி வந்து இன்னாத்துக்கு?"

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது. நான் ஒருத்தி நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். நாலு வீட்டுக்காரிகளும் அப்படியே நினைத்திருக்கிறோம். ஒரு கூடையைத் தெருவிலிருந்து விரட்ட நாலு வீடு போதும்!

அந்த நிலம் ஆயாவுக்குச் சொந்தமில்லை, குத்தகை. முன்பு கடல் பக்கமாக இன்னொரு துண்டில் பயிர் வைத்தாராம். "கெணறு உப்பாயிடுச்சு. கீரை நுனியெல்லாம் கருகிப்போச்சு. அதான் மேக்கால வந்துட்டேன்" என்றார். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரின் கதையே அதுதான். 1960களிலிருந்து பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு இங்கிருந்து தண்ணீர் எடுத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல் உள்ளே வந்தது. தொடக்கத்தில் கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில் இருந்த உப்பு, பிற்பாடு பத்து கிலோமீட்டருக்கும் மேல் ஊருக்குள் வந்துவிட்டது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் நடக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்! சென்னைக்குக் குழாயில் குடிதண்ணீர் கிடைத்துவிடும். ஆயாவின் கிணறு பழையபடி இனிக்க வேண்டுமே?

"இப்போ இருக்கிற தண்ணி எப்படி ஆயா?"

"இது நல்லாக்கீது. ஆனா மனைக்காரங்க வந்து வந்து பாக்குறாங்க. வெளச்சல்ல காசு வந்தா குத்தகை குடுத்துடுவேன். வரலேன்னா நெலத்துக்காரரு வித்துடுவாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல."

நான் பாத்தியைப் பார்த்தேன். முளைக்கீரை விதைத்து இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். வரப்பில் இரண்டு முருங்கை. இவ்வளவும் இருப்பதும், கல் நட்டு மனையாவதும், நாற்பது கட்டுக் கீரை விற்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பை நிறையக் கீரை கொடுத்துவிட்டு, ஒரு பிடி முருங்கைக்கீரைக்கு மட்டும் ஆயா காசு வாங்கவில்லை. "இது கொழந்தைக்கு" என்றார்.

எங்கள் தெரு ஏற்பாடு

வீட்டுக்கு வந்து சும்மா இருக்கவில்லை. தெருவில் பேசினேன். ஏழு வீடு சேர்ந்தோம். செவ்வாய், சனி இரண்டு நாள் ஆயாவின் மருமகள் காலை ரயிலில் கொண்டுவருகிறாள். யாருக்கு எத்தனை கட்டு என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுகிறோம், அதனால் மீதி விழுவதில்லை. பேரம் கிடையாது. பை நம்முடையது.

எல்லாம் சுகமாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். ஐப்பசி மழையில் பாத்தி முழுகி மூன்று வாரம் கீரையே இல்லை. இரண்டு வீட்டார் சலித்து விலகிக்கொண்டார்கள். அந்த நாட்களில் நாங்கள் பூசணி, வாழைத்தண்டு, பயறு முளைகட்டியது என்று சமாளித்தோம். பருவத்தோடு சாப்பிடுவதென்றால், இல்லாத நாளில் இல்லாமல் இருக்கவும் பழகவேண்டும்தானே?

சூப்பர் மார்க்கெட்டே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பருப்பு, எண்ணெய், சோப்பு அங்கேதான் வாங்குகிறேன். எடை சரியாக இருக்கிறது, தேதி போட்டிருக்கிறது. இலை, காய், பழம், மீன் மட்டும் பக்கத்திலிருந்து. என் அனுபவத்தில் சில யோசனைகள்:

* பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று கேளுங்கள். சாக்கடை ஓரக் கீரையை வாங்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடமே தொடர்ந்து வாங்கினால், கேட்கும் உரிமை தானாக வரும்.

* கீரையை நறுக்கும் முன்பே, உப்புப் போட்ட தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். நறுக்கியபின் அலசினால் சத்து தண்ணீரோடு போகும்.

* அன்றே சமைப்பது நல்லது. வைட்டமின் சி இலையிலிருந்து சீக்கிரம் குறையும். வைக்கத்தான் வேண்டுமென்றால், வேரை நீக்கி, ஈரம் போக உலர்த்தி, மெல்லிய துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

* முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நூறு கிராமில் சுமார் 300 மில்லிகிராம். கீரைச் சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம்.

* சித்திரைக்கு முன்பே மஞ்சளாகச் சிரிக்கும் மாம்பழத்தைக் கண்டு ஆசைப்படாதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் நடக்கிறது.

* வாரம் இரண்டு நாளாவது ஒரே கூடைக்காரரிடம் வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது பத்து கட்டு வாங்குவதைவிட, தவறாமல் ஒரு கட்டு வாங்குவதுதான் அவருக்குத் துணை.

பேரனுக்கு இப்போது பத்தாம் மாதம். குழைந்த சோற்றில் பருப்பும் மசித்த முளைக்கீரையும் பிசைந்தால் 'ஆ' என்று வாயைத் திறக்கிறான். புருஷன் வீட்டுக்குப் போய்விட்ட மகள் போன வாரம் போன் செய்தாள். "அம்மா, எங்க குடியிருப்புல ஒரு கீரைக்காரம்மா வராங்க. நாங்க மூணு வீடு இருக்கோம். இன்னும் ஒரு வீடு சேர்த்தா போதும்" என்றாள்.

உங்கள் தெருவிலும் நாலு வீடு கிடைக்காமலா போகும்?