வலியில்லாத மல்லர்கள்

வெளியூர்க்காரர்கள் விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலாலும் ரயில் சந்திப்பாலும் அறிவார்கள். எங்களுக்கு அது களிமண்ணின் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையில் அகல்விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி என்று ஏதேனும் ஒன்று எப்போதும் சூளையில் வெந்துகொண்டிருக்கும். எங்கள் நால்வரில் ஒருவனின் தந்தை அங்கே எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பார்த்தார். பள்ளி விட்டதும் அவன் அவருக்கு உதவப் போவான். அச்சிலிருந்து எடுத்த விளக்குகளின் பிசிரைச் சுரண்டித் துடைப்பது அவன் வேலை. அது முடிந்தபின், விரல் இடுக்கில் வெள்ளை மண்ணோடு, பாலக்கரைப் பக்கம் இருந்த வீடியோ கேம் கடைக்கு வந்து சேர்வான்.

2005இல் எங்களுக்குப் பதினைந்து வயது. அந்தக் கடையில் நாங்கள் ஆடியது ஒரே ஆட்டம்தான்: 'ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் தி பெயின்'. ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2003இல் டிஹெச்க்யூ வெளியிட்டது, பிளேஸ்டேஷன் 2க்கானது. இலக்கியம் பேசுகிற இடத்தில் இதைப் பேசலாமா என்று தயங்கினோம். மற்போர் பற்றி ரோலான் பார்த் கட்டுரை எழுதியிருக்கிறார், புறநானூற்றிலும் மற்போர் இருக்கிறது என்பதால் தயக்கத்தை விட்டுவிட்டோம்.

தொலைக்காட்சியில் நாங்கள் பார்த்த மற்போரில் யார் வெல்வது என்பது முன்பே முடிவானது. எங்கள் தாத்தாக்கள் தாராசிங், கிங்காங் மோதல்களைப் பற்றிச் சொல்லும்போதே இந்தச் சந்தேகத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். இது போட்டியல்ல, கேளிக்கை என்று 1989இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பார்வையாளருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்றார் பார்த். அவர்கள் தேடுவது துன்பமும் நீதியும் பெரிதாகக் காட்டப்படும் ஒரு காட்சியை. நாங்கள் கவலைப்பட்டோம். எங்களுக்குப் பிடித்தவன் தோற்கும்போதெல்லாம் எங்கோ ஒரு அறையில் அமர்ந்து எவனோ அதை எழுதியிருக்கிறான் என்ற எண்ணம் உறுத்தியது.

அந்த உறுத்தலை இந்த ஆட்டம் போக்கியது. இருவர் எதிரெதிரே ஆடும்போது முடிவை எழுதிவைக்க யாருமில்லை. எதிராளி பிடிக்க வரும் கணத்தில் சரியாகப் பொத்தானை அழுத்தினால் அவன் பிடியே அவனுக்கு எதிராகத் திரும்பும். ஒரு நொடி பிந்தினால் நாம் தரையில் கிடப்போம். பிடிகளும் வலு, வேகம், தனிமுத்திரை, பணியவைத்தல் என நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. எடைக்கும் மதிப்பிருந்தது. ரே மிஸ்டீரியோவைக் கொண்டு பிக் ஷோவைத் தூக்க முடியாது. ஓடி, ஏறி, காலைக் குறிவைத்துத்தான் வெல்ல வேண்டும். எங்களில் ஆகச் சிறியவன் அந்த நண்பன்தான். அவன் எப்போதும் மிஸ்டீரியோவைத்தான் எடுப்பான், பெரும்பாலும் ஜெயிப்பான். நாற்பது கிலோ உடம்போடு அவன் ஜெயிக்கக்கூடிய வேறு களம் ஊரில் எங்கும் இல்லை.

மல்லரை நாமே உருவாக்கும் பகுதி இன்னொரு சிறப்பு. மூக்கு, தாடை, தோல் நிறம், உடை, பிடிகள் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து 'மணிமுத்தா' என்றொருவனைப் பல மாலைகள் செலவிட்டுச் செய்தோம். பெயரை ஆங்கில எழுத்தில்தான் இட முடிந்தது, வேட்டி கிடைக்கவில்லை. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள்; அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் சுவராகப் படியும்; மிச்சத்தைக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை நிற்கும். இதுவும் அதுபோலத்தான், ஆனால் சூளை மட்டும் இல்லை என்றான் நண்பன். அவன் சொன்னதன் பொருள் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

குறைகளும் சொல்ல வேண்டும். முந்தைய பதிப்பில் இருந்த வர்ணனை இதில் நீக்கப்பட்டிருந்தது. அரங்கின் இரைச்சல் மட்டும் கேட்கும். பெண்களுக்கான ஒரு பந்தயத்தில் எதிராளியின் ஆடையைக் களைவதே வெற்றி. அதை ஆடும்போது கடையில் திடீரென்று எல்லோரும் அமைதியாகிவிடுவோம். அந்த அமைதியை இன்று நினைத்தால் கூசுகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த பதிப்புகள் பழைய அச்சிலேயே வார்த்தவை போலத் தோன்றின. பலமுறை வார்த்த அச்சில் பொம்மையின் கண்ணும் மூக்கும் மழுங்கும் என்பதை எங்கள் ஊரில் யாரும் சொல்வார்கள்.

பெரிய குறை வேறு. திரையில் மல்லருக்குரிய சிறு உடல் உருவம் ஒன்று உண்டு. தலை, உடல், கை, கால் என எங்கே அடிவிழுகிறதோ அந்தப் பகுதி நிறம் மாறி, கடைசியில் சிவக்கும். ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கினால் சிவப்பு இருக்காது. மெய்யான மற்போரில் முடிவு பொய், வலி மெய். இந்த ஆட்டத்தில் முடிவு மெய், வலி பொய். அந்தக் குறுந்தகட்டில் இருந்த எடி கெரேரோ 2005 நவம்பரில் இதயச் செயலிழப்பால் இறந்தார், வயது 38. கிறிஸ் பென்வா 2007 ஜூனில் மனைவியையும் மகனையும் கொன்று தானும் மாண்டார். அவர் மூளையைச் சோதித்த மருத்துவர்கள் அது கடுமையாகச் சேதமடைந்திருந்ததைக் கண்டார்கள். எங்கள் திரையில் இருவரும் நாற்காலி அடி வாங்கி எழுந்துகொண்டே இருந்தார்கள்.

இதெல்லாம் தெரியவரும் முன்பே எங்களுக்குப் பாடம் கிடைத்துவிட்டது. கார்த்திகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, நீர் வற்றியிருந்த மணிமுத்தாற்று மணலில் நண்பனைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டோம். திரையில் நூறு முறை செய்ததுதான். அவன் சிரித்துக்கொண்டேதான் மேலே போனான். விழுந்தபின் எழவில்லை. காறை எலும்பு முறிந்திருந்தது. விளக்குக்கு ஆர்டர் குவிகிற பருவம் முழுதும் கட்டுப்போட்ட கையோடு வீட்டில் கிடந்தான். அவன் தந்தை தனியாக வேலை செய்து பாதிக் கூலிதான் வாங்கினார். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். எலும்பு ஒட்டியது, ஆனால் அந்தத் தோளை அவனால் முன்போல முழுதாக உயர்த்த முடியவில்லை.

புறநானூற்றில் சாத்தந்தையார் பாடிய ஒரு காட்சி உண்டு. கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்துகிறான். அதை அவன் தந்தை தித்தன் காணவேண்டும், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் காணவேண்டும் என்று புலவர் விரும்புகிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு மாலை நினைவுக்கு வரும். நண்பனின் தந்தை அந்தக் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றோம். "அது என்னா வெளையாட்டு, காட்டுங்க பாப்பம்" என்றார். முக்காலியில் உட்காரவைத்து, அவர் மகன் எடுக்கும் மிஸ்டீரியோவைக் கொண்டே ஆடிக் காட்டினோம். மிஸ்டீரியோ தோற்றான், உடல் உருவத்தில் கையும் தலையும் சிவந்திருந்தன. அடுத்த ஆட்டம் வந்தது. அவர் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"அந்தச் செவப்பு எங்க?"

அவரை நாங்களும் அப்பா என்றுதான் அழைப்போம். "அடுத்த ஆட்டத்துக்கு அது இருக்காதுப்பா" என்றோம்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நல்ல வெளையாட்டுதான்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைப் பக்கம் போனார்.