யாரை நம்பி வாங்கிய சீட்டு?

'ரோஜா' (1992) படக் கதையில் நாயகியின் ஊர் நம் சுந்தரபாண்டியபுரம். அதனாலோ என்னவோ, அப்படத்தில் அறிமுகமான ஏ.ஆர். ரஹ்மானை நம்மூரார் உறவினராகவே எண்ணுகின்றனர்.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த அவரது இசை நிகழ்ச்சியில், சீட்டு வாங்கிய பலர் நெரிசலால் உள்ளே நுழைய இயலாது திரும்பினர். ஏற்பாடு செய்த நிறுவனம் பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்தது. பாட்டு கலைஞருடையது, வாயில் நிறுவனத்தினுடையது என்பதே இக்கால வழக்கம். 2007இல் மடோனா 'லைவ் நேஷன்' நிறுவனத்துடன் பத்தாண்டுக்குச் செய்த ஒப்பந்தம் ஏறத்தாழ 12 கோடி டாலராம்! ஆயினும் மக்கள் நிறுவனத்தை நம்பியா சீட்டு வாங்கினர்? ரஹ்மான் இதை உணர்ந்திருக்க வேண்டும். சீட்டின் நகலைத் தமக்கு அனுப்புமாறு அவரே கேட்டுக்கொண்டார்.

ஒருமுறை நம் பங்குத் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடுவே ஒலிபெருக்கி பழுதாயிற்று. வாடகைக்குத் தந்தவரை எவரும் தேடவில்லை. பங்கு இல்லக் கதவையே தட்டினர். மறுநாள் திருப்பலி முடிவில் நாமே மன்னிப்புக் கேட்டோம்.